சொட்டு போன இடம்

மலையில் பனிக்காலம் பிறந்திருந்த ஒரு வருஷம், நெற்றியில் 'வேலவன் துணை' என்று எழுதிய பிக்அப் வண்டி ஒன்றின் அடிவயிற்றில் ஒரு ஸ்டெப்னி தொங்கிக்கொண்டிருந்தது.

மாற்றுச் சக்கரத்தின் பிழைப்பு ஒரு தினுசான பிழைப்பு. வண்டி முன்னால் போகும். அது பின்னால் பார்த்துக்கொண்டே போகும். வரப்போகிற ரோட்டை ஸ்டெப்னி ஒரு நாளும் பார்த்ததில்லை. போன ரோடுதான் அதற்கு உலகம். வண்டி வாரியடித்த சேற்றில் நனைந்தவர்கள் வாய்நிறையத் திட்டுவது, துரத்தி வந்த நாய் மூச்சிரைத்து நிற்பது, ஹாரன் சத்தத்துக்குப் பதறி ஒதுங்கியவர் கீழே விழுந்த குடையைத் தேடுவது, எல்லாம் அதற்குத்தான் தெரியும். முன்னால் இருக்கிற யாருக்கும் இந்தச் சங்கதி ஒன்றும் தெரியாது.

இத்தனை பார்த்தும் ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் அதற்குப் பதில் கிடைக்கவில்லை.

அது கேரட் ஏற்றும் வண்டி. ஊட்டிக்கு மேற்கே தோட்டத்தில் பிடுங்கிய கேரட்டை மிஷினில் போட்டு, சேறு போகக் கழுவி, மூட்டை கட்டி, காலையிலேயே மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறக்குவார்கள். கழுவின கேரட் ஈரமாகத்தான் இருக்கும். அந்த ஈரம் மூட்டையில் கசிந்து, பலகை இடுக்கு வழியாக இறங்கி, ஸ்டெப்னியின் முதுகில் சொட்டுச் சொட்டாக விழும். அங்கே ஒரு மூச்சு நேரம் நிற்கும். பிறகு ரோட்டில் குதிக்கும்.

"ஏ சொட்டு, எங்க போற?" என்று ஸ்டெப்னி கேட்கும்.

"தெரியலையே. கீழதான் போறேன்."

"கீழ போய்?"

பதில் வராது. அதற்குள் சொட்டு விழுந்திருக்கும், வண்டி நகர்ந்திருக்கும். ரோட்டில் ஈரக்கோடு ஒன்று மட்டும் வளைந்து வளைந்து பின்னாலேயே வரும். தினமும் எத்தனை சொட்டு! போனதில் ஒன்றாவது திரும்பி வந்து, போன இடம் இன்னதென்று சொல்லியிருக்குமா? கிடையாது.

ஸ்டெப்னி வண்டியில் எல்லோரிடமும் கேட்டுப் பார்த்தது. வலப்பக்கத்து முன்சக்கரம் அந்த வண்டியிலேயே மூத்தது. ஓடி ஓடி, ரோட்டைப் பிடிக்கிற ரப்பர் பட்டன் எல்லாம் தேய்ந்து, தலை வழவழவென்று ஆகிவிட்டது. அதனால் எல்லோரும் அதை மொட்டையண்ணன் என்று கூப்பிடுவார்கள்.

"விழுந்தது விழுந்ததுதான், விடு," என்றது மொட்டையண்ணன். "போனதைப் பத்தி நமக்கென்ன? முன்னால பார்த்து ஓடற வேலையே தலைக்கு மேல கிடக்கு. தொங்கிட்டே சும்மா வர்றவனுக்குத்தான் இந்த மாதிரி விசாரணையெல்லாம் தோணும்."

பிரேக்கைக் கேட்டது. பிரேக்கக்கா நல்லவள்தான். ஆனால் பாவம், எப்போது பார்த்தாலும் மிதிபட்டு மிதிபட்டுக் கால்வலி. "எனக்கு நிக்கற இடம்தான் தெரியும் கண்ணு. போற இடம் தெரியாது," என்றாள்.

அந்தக் கேள்வி ஸ்டெப்னியின் வயிற்றிலேயே கிடந்தது.

அப்புறம் அந்தக் காலை வந்தது. பனி என்றால் அப்படி ஒரு பனி. புல்லெல்லாம் உப்பைத் தூவினாற்போல வெளுத்துக் கிடந்தது. வாளித் தண்ணீரின் மேல் ஆடை கட்டியிருந்தது; அதைத் தட்டி உடைத்துத்தான் முகம் கழுவ வேண்டும். அந்த வருஷத்தின் முதல் உறைபனி அது.

டிரைவர் நாச்சிமுத்து கம்பளித் தொப்பியைக் காது வரைக்கும் இழுத்து விட்டுக்கொண்டு கேரட் மிஷின் கொட்டகைக்கு வந்தான். கீழ்நாட்டுக்காரன், மலையடிவாரத்து மேட்டுப்பாளையம். ஆள் கெட்டவன் இல்லை. அவசரக்காரன், அவ்வளவுதான். மண்டிக்கு முதல் வண்டியாக நுழைய வேண்டும் என்பதுதான் அவன் தினசரி விரதம். இரண்டாவதாகப் போனால் அன்றைக்குச் சோறு இறங்காது.

வந்தவன் இடப்பக்கத்து முன்சக்கரத்தைப் பார்த்தான். ஆணி ஏறி, காற்றுப் போய், சப்பென்று உட்கார்ந்திருந்தது.

"அட சனியனே!" என்று தலையில் அடித்துக்கொண்டான். ஜாக்கியை வைத்து வண்டியைத் தூக்கி, அடியில் கையை விட்டு, ஸ்டெப்னியை இழுத்து வெளியே போட்டான்.

ஸ்டெப்னி கண்ணை இறுக மூடிக்கொண்டது. போல்ட்டை முடுக்கி நிறுத்தியதும் கண்ணைத் திறந்து பார்த்தது. முன்னால் ரோடு! இன்னும் யாரும் போகாத ரோடு! அதன் உடம்பில் ரப்பர் பிசிறுகூட உதிரவில்லை. பட்டன் ஒவ்வொன்றும் புதுசு. இன்றைக்கு ஒழுங்காக ஓடிக் காட்டினால் இந்த இடம் நமக்கே நிலைக்கும், சறுக்கினால் மறுபடி அடிவயிற்றுக் கம்பிதான் என்று அதற்குத் தெரியும். இந்த ஒரு ஓட்டம்தான் அதற்கு எல்லாம்.

"ரொம்பத் துள்ளாதே தம்பி," என்றது மொட்டையண்ணன். "என்னைப் பார்த்து உருண்டு வா."

கொட்டகையில் கேரட் கழுவுகிற மாதி, கையை அடுப்பில் காட்டிச் சூடு ஏற்றிக்கொண்டே வெளியே வந்தாள். பனித்தண்ணீரில் விரலெல்லாம் சிவந்து கிடந்தது.

"அண்ணா, இப்பத்தான் கழுவிப் போட்டிருக்கேன். மூட்டையில தண்ணி ஓடுது. கொஞ்ச நேரம் வடிய விட்டு ஏத்துங்க."

"வழியில வடியும் மாதிக்கா," என்றான் நாச்சிமுத்து, மூட்டையைத் தூக்கித் தூக்கிப் போட்டபடி. "ஏற்கெனவே இந்த டயரு நேரத்தைத் தின்னுருச்சு. நின்னா எனக்கு முன்னால நாலு வண்டி இறங்கிரும்."

"ரோடெல்லாம் வெள்ளையாக் கெடக்கு. பார்த்துப் போங்க."

"கெடக்கட்டும். சுண்ணாம்பு அடிச்சாப்பல அழகாத்தான் இருக்கு."

"சரி, அப்ப என்னையாவது நிழல் வளைவுல இறக்கி விட்டுட்டுப் போங்க. கோயில் வாசல் கூட்டணும்."

"நீங்க ஏறி, உக்காந்து, இறங்கி, ஐயோ, நேரமில்லைங்க்கா. தேயிலைக்குள்ள ஒத்தையடிப் பாதையில இறங்குனா எனக்கு முன்னாடி நீங்க போய் நிப்பீங்க."

மாதி கொட்டகைக்குள் போனாள். அடுப்புச் சாம்பலை ஒரு சட்டியில் அள்ளிக்கொண்டாள். கோயில் விளக்கைத் துலக்க அதுதான் தினமும் கொண்டுபோவாள். சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு தேயிலைச் செடிகளுக்கு நடுவே இறங்கிவிட்டாள்.

நிழல் வளைவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலைப்பக்கம் பாறை உயர்ந்து நிற்பதால் பனிக்காலம் முழுக்க அங்கே வெயில் விழாது. பள்ளத்துப் பக்கம் ஒரு முனியப்பன் கோயில், ஆளுயரம்தான். மீசை மட்டும் கோயிலைவிடப் பெரிசு. இறங்குகிற கேரட் வண்டி ஒவ்வொன்றும் அங்கே நின்றாக வேண்டும். டிரைவர் இறங்கிக் கற்பூரம் கொளுத்தி, திருநீற்றை எடுத்து ஸ்டீயரிங்கில் ஒரு பட்டை, தன் நெற்றியில் ஒரு பட்டை போட்டுக்கொண்டுதான் மேற்கொண்டு இறங்குவான். அப்படியும் பனிக்காலந்தோறும் ஒன்றிரண்டு வண்டி அந்த இடத்தில் வழுக்கிச் சுவரில் இடிக்கும். 'முனியப்பனுக்கு ஏதோ மனத்தாங்கல்' என்று டிரைவர்கள் பேசி வைத்துக்கொண்டு தேங்காயும் உடைக்க ஆரம்பித்தார்கள். தேங்காய் உடைக்க இன்னும் கொஞ்ச நேரம் நிற்க வேண்டியிருந்தது. அதற்கென்ன, சாமி காரியம்.

நாச்சிமுத்து வண்டியில் ஏறினான். முன்கண்ணாடி முழுக்கப் பனி அப்பி, உள்ளேயிருந்து பார்த்தால் வெள்ளைத் துணி கட்டினாற்போல இருந்தது. தேய்த்துத் துடைக்கப் பொறுமை ஏது? கையிலிருந்த சூட்டு டீ கிளாஸைக் கண்ணாடியில் வைத்து அழுத்தினான். பனி உருகி வட்டமாக ஒரு ஓட்டை விழுந்தது. அந்த ஓட்டை வழியாக ஒரு கண்ணை வைத்துப் பார்த்து, "போதும்," என்றான்.

"எது போதும்?" என்று கண்ணாடி கேட்டது. "எனக்கு இவ்வளவு பெரிய உடம்பைக் கொடுத்ததே இவன் பார்க்கறதுக்குத்தானே? சாவித்துவாரம் மாதிரி ஒரு ஓட்டையில எட்டிப் பார்க்கிறானே!"

வண்டி பேசுவது டிரைவர் காதில் விழாது. விழுந்தால் பாதி விபத்து நடக்கவே நடக்காது.

வண்டி கிளம்பியது. ஸ்டெப்னிக்கு ஒரே வேடிக்கை. முன்னால் வருகிறதெல்லாம் புதுசு. "அண்ணே, தேயிலை மேல மினுமினுன்னு என்னது? அண்ணே, அந்த மரம் ஏன் புகையை விடுது? அண்ணே, ரோடு ஏன் இன்னைக்கு இப்படி உர்ருன்னு இருக்கு?"

"பனி, மூடுபனி, குளிரு. வாயை மூடிட்டு உருளு," என்றது மொட்டையண்ணன்.

"பனின்னா யாரு?"

"யாரா? பனி ஒரு ஆளா? பெருக்கித் தள்ளற குப்பை அது. வெயில் வந்தா ஓடிப் போயிரும்."

"இல்லடா கண்ணு," என்றாள் பிரேக்கக்கா உள்ளேயிருந்து. "வெயில் வராத இடத்துல ஓடாது. அங்க நான் எவ்வளவு பிடிச்சாலும் பிடிபடாது. போன பனிக்காலத்துல ஒரு தரம் அனுபவிச்சிருக்கேன். அன்னைக்கு நம்ம மொட்டையண்ணன் போட்ட ஆட்டம் இருக்கே..."

"யானைக்கும் அடி சறுக்கும்!" என்று மொட்டையண்ணன் வெடுக்கென்று சொன்னது.

"சறுக்கும். ஆனா யானை அடுத்த அடியைப் பார்த்து வெக்கும்."

அதற்குள் இறக்கம் வந்துவிட்டது. நாச்சிமுத்துவின் கை தானாகக் கியருக்குப் போனது. இறக்கத்தில் நியூட்ரலில் போட்டு வண்டியைத் தானாக உருள விடுவது கீழ்நாட்டு டிரைவர்கள் பலருக்குக் கைவந்த பழக்கம். டீசல் மிச்சம் என்பார்கள். கூடவே, இன்ஜின் கத்தாமல் மலையில் மிதக்கிறாற்போல இறங்குவதில் ஒரு சுகமும் உண்டு. அதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

கியர் கொட்டாவி விட்டது. "சரி, நான் தூங்கப் போறேன். இறக்கத்துல வண்டியை இழுத்துப் பிடிச்சு நடத்தறதுதான் என் வேலை. அதை வேண்டாம்னுட்டான். ஏதாச்சும் ஆச்சுன்னா எழுப்பாதீங்க. எழுந்திரிக்க எனக்கு நேரமாகும்."

"அப்ப வண்டியைப் பிடிக்கறது யாரு?" என்று ஸ்டெப்னி கேட்டது.

"நான் ஒருத்திதான்," என்றாள் பிரேக்கக்கா. அவள் குரல் அவ்வளவு நன்றாக இல்லை.

வண்டி வேகம் பிடித்தது. கேபினுக்குள்ளே பாட்டுச் சத்தம். வெளியே சக்கரச் சத்தம்கூட இல்லை. வெள்ளை ரோட்டின் மேல் வண்டி பூனையைப் போல இறங்கியது. பின்னால் மூட்டைகள் சொட்டிக்கொண்டே வந்தன. ஸ்டெப்னிக்கு ஒரு ஆசை வந்தது, ஒரே ஒரு தரம் திரும்பிப் பார்த்து, சொட்டுகள் என்ன ஆகின்றன என்று பார்க்க வேண்டுமென்று. ஆனால் முன்சக்கரத்துக்குப் பின்னால் பார்வை கிடையாது. இத்தனை நாள் முன்னால் பார்க்க ஏங்கியது. இப்போது பின்னால் என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. இந்த ஆசைக்கு ஒரு அளவே இல்லை என்று தன்னைத்தானே நொந்துகொண்டது.

தூரத்தில், கண்ணாடியின் வட்ட ஓட்டைக்குள், முனியப்பன் கோயிலின் சிவப்புக் கொடி தெரிந்தது. நாச்சிமுத்து கன்னத்தில் போட்டுக்கொண்டான். தண்ணீர் வடிய நேரமில்லை, கண்ணாடி துடைக்க நேரமில்லை, மாதியை ஏற்றிக்கொள்ள நேரமில்லை. கும்பிட மட்டும் நேரம் இருந்தது. நம்மாட்கள் அப்படித்தான், சாமி விஷயத்தில் குறை வைக்க மாட்டார்கள்.

கோயிலுக்கு முன்னால், வண்டிகள் வழக்கமாக நிற்கிற அந்த இடத்தில், ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மாதி குனிந்து பெருக்கிக்கொண்டிருந்தாள். அவன் சொன்னது போலவே அவனுக்கு முன்னால் வந்து நின்றிருந்தாள். வட்ட ஓட்டைக்குள் கொடி தெரிந்தது; கொடிக்குக் கீழே இருந்த மாதி தெரியவில்லை. இன்ஜின் சத்தம் இல்லாததால் வண்டி வருவது அவளுக்கும் தெரியவில்லை.

ஸ்டெப்னிக்குத்தான் தெரிந்தது. "அக்கா! ஆள்! ஆள் இருக்கு!"

வளைவு திரும்பியதும் ஓட்டைக்குள் மாதியின் சேலை வந்தது.  நாச்சிமுத்து காலைத் தூக்கிப் பிரேக்கில் ஏறி நின்றான்.

"மிதிக்காதே!" என்று அலறினாள் பிரேக்கக்கா. "இந்த இடத்துல மிதிச்சா சக்கரம் பூட்டிக்கும், வண்டி நிக்காது! விட்டு விட்டு மிதி!"

யார் காதில் விழுகிறது? நாலு சக்கரமும் சுழல்வதை நிறுத்தின. வண்டி மட்டும் போய்க்கொண்டேயிருந்தது. தார்ரோட்டில் பூட்டின சக்கரம் கிறீச்சென்று கத்தும். பனிக்கட்டியில் அதுவும் கத்தாது. சத்தமே இல்லாமல் அத்தனை பாரமும் மாதியை நோக்கி வழுக்கியது.

மொட்டையண்ணன், "ஐயோ, பிடிக்க ஒண்ணுமே இல்லையே, என் உடம்புல ஒண்ணுமே இல்லையே!" என்று பினாத்திக்கொண்டு சறுக்கியது.

ஸ்டெப்னி தன் புதுப் பட்டன்களால் ரோட்டைப் பற்றப் பார்த்தது. கண்ணாடி போன்ற ஒன்று அதன் அடியில் வழுவழுவென்று நழுவியது.

"யாரு நீ?" என்று ஸ்டெப்னி கத்தியது. "என்னை ஏன் நிக்க விட மாட்டேங்கற?"

"அட, இது யாரு!" என்றது பனிக்கட்டி. "அடிவயித்துல தொங்கிட்டு இருந்தவன்தானே நீ? என்னைத் தெரியலையா? உன் முதுகுல ஒரு மூச்சு நேரம் நின்னுட்டுத்தானே குதிச்சேன்."

"சொட்டா? நீ சொட்டா?"

"நானேதான். எனக்கு முன்னாடி விழுந்தவங்க, எனக்குப் பின்னாடி விழுந்தவங்க, மத்த வண்டியில இருந்து விழுந்தவங்க, எல்லாரும் இங்கதான் இருக்கோம். வண்டி ஓடறப்ப சிதறிப் போறோம், வெயில்ல காஞ்சும் போறோம். ஆனா நீங்க எல்லாரும் இந்த இடத்துல நின்னு கும்பிடறீங்களே, அந்த நேரம் பூரா ஒரே இடத்துல விழறோம். இங்க வெயிலும் இல்லை. கைகோத்துப் படுத்துட்டோம்."

"அதுக்கு எங்களை ஏன் தள்றே?"

"நாங்க எங்க தள்றோம்? விழுந்த இடத்துல படுத்திருக்கோம். எங்க மேல வந்தது நீங்க."

"அந்தப் பொம்பளை! அவங்கதான் உன்னைக் கழுவி விட்டவங்க, சொட்டு! வடிய விடச் சொன்னதும் அவங்கதான்! பிடிச்சுக்க எனக்கு ஏதாச்சும் சொல்லு!"

"எங்களுக்குப் பிடிக்கத் தெரியாதுப்பா, வழுக்கத்தான் தெரியும். ஆனா நாங்க எட்டாத இடம் ஒண்ணு இருக்கு. இடது கைப்பக்கம், மலையோரக் கால்வாய். விளிம்புல மண்ணும் கல்லும். கல்லு கூரு. அங்க கால் வெச்சா உன்னைக் கிழிச்சுரும்."

கிழித்தால் முன்னிடமும் இல்லை, அடிவயிற்றுக் கம்பியும் இல்லை. ஸ்டெப்னிக்கு அது தெரியாமல் இல்லை. ஒரே ஒரு காலைதான் முன்னால் பார்த்திருக்கிறது. அதற்குள் முடிந்துபோவதா என்று அதற்கு அழுகை முட்டியது. அழுதுகொண்டே உடம்பை இடப்பக்கம் சாய்த்தது. ஒரு பட்டன் எட்டியது. மண். இன்னொரு பட்டன். கல். பற்றியது, பற்றினதை விடவில்லை.

வண்டியின் மூக்கு வெட்டென்று மலைப்பக்கம் திரும்பியது. பின்பக்கம் சுழன்று, மாதியின் முந்தானை காற்றில் ஆட, அவளுக்குப் பின்னால் ஒரு கை தூரத்தில் போய், முன்சக்கரம் கால்வாயில் இறங்கி, தடாலென்று நின்றது. டமாரென்று ஒரு சத்தம். அது ஸ்டெப்னியின் விலா கிழிந்த சத்தம். மேலிருந்து மூட்டைகள் சரிந்து, கேரட் ரோடெங்கும் உருண்டது.

"என்ன சத்தம்?" என்று கியர் கண்விழித்தது.

கேபின் கதவைத் திறந்துகொண்டு நாச்சிமுத்து வெளியே வந்தான்.

"மாதிக்கா! ஐயோ, மாதிக்கா, அடி பட்டுருச்சா?"

மாதி துடைப்பத்தைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு கோயில் படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

பயம் தெளிந்ததும் நாச்சிமுத்துவுக்குக் கோபம் வந்தது. பயந்தவனுக்குக் கோபம் வருவது வழக்கம்தானே. "எந்தப் படுபாவி இங்க தண்ணியைக் கொட்டி வெச்சான்? கண்ணுல பட்டா அவன் காலை ஒடைக்காம விட மாட்டேன்!" என்று கத்திக்கொண்டே ஒரு எட்டு வைத்தான். வைத்த கால் வழுக்கியது. தொப்பென்று ரோட்டில் உட்கார்ந்தான்.

உட்கார்ந்த இடத்தில் அமைதியாக இருந்தது. அந்த அமைதியில் ஒரு சத்தம் கேட்டது.

சொட்டு.

நாச்சிமுத்து திரும்பிப் பார்த்தான்.

சொட்டு. சொட்டு.

அவனுடைய வண்டியின் பின்பலகையிலிருந்து தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. விழுந்தது சரிவில் ஓடிவந்து, அவன் உட்கார்ந்திருந்த பனிக்கட்டியின் விளிம்பில் சேர்ந்து நின்றது. அவன் கையை நீட்டித் தொட்டான். விரலில் கேரட் மண்ணின் சிவப்பு ஒட்டியது. அந்தச் சிவப்பு பனிக்கட்டிக்குள்ளும் கோடு கோடாகத் தெரிந்தது.

"வழியில வடியும்னு சொன்னீங்களே அண்ணா," என்றாள் மாதி மூக்கை உறிஞ்சிக்கொண்டு. அவள் குத்திக்காட்டச் சொல்லவில்லை. வாயில் வந்தது, சொன்னாள். "இங்கதான் வடிஞ்சிருக்கு."

"நான் ஒருத்தன் மட்டுமாக்கா?"

"எல்லா வண்டியும் இங்கதானே நிக்குது. சாமி கோவம்னு தேங்கா உடைக்கறீங்க, அதுக்கும் சேர்த்து நிக்கறீங்க. தினம் நான் கூட்டித் தள்றேன், தண்ணி ஏன் காயலைன்னு எனக்கும் இன்னைக்கு வரைக்கும் தோணலை."

நாச்சிமுத்து முனியப்பனைப் பார்த்தான். முனியப்பன் மீசையோடு நேராகப் பார்த்தார். இத்தனை வருஷமாகப் பழியைச் சுமந்தவர் முகத்தில் அன்று ஒரு களைப்பு தெரிந்தாற்போல அவனுக்குப் பட்டது. வெட்கம் பிடுங்கித் தின்றது. இந்த அம்மாளுக்கு ஏதாவது ஆகியிருந்தால், தண்ணீர் கொட்டினவன் யாரென்று தேடிக்கொண்டு நான் ஊரெல்லாம் அலைந்திருப்பேனே என்று நினைத்துக்கொண்டான்.

அப்போது கிழிந்து கால்வாயில் கிடந்த ஸ்டெப்னி மேலே பார்த்தது. வளைவுக்கு மேலே, இரண்டு திருப்பம் தள்ளி, இன்னொரு கேரட் வண்டி வந்துகொண்டிருந்தது. கண்ணாடியில் வெள்ளை. நடுவில் ஒரு சின்ன ஓட்டை. இன்ஜின் சத்தமே இல்லை.

நாச்சிமுத்துவும் பார்த்தான். சத்தமில்லாமல் வருகிற வண்டி எப்படி வரும் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எழுந்தான், கழுத்துச் சால்வையை உருவினான், வழுக்கி விழுந்து, எழுந்து, அதை வீசிக்கொண்டு மேட்டில் ஓடினான். "நில்லு! கியரைப் போடு! மிதிக்காதே, விட்டு விட்டு மிதி! நில்லப்பா, நில்லு!" பிரேக்கக்கா சொன்ன அதே வார்த்தை. பிரேக்கக்காவே ஆச்சரியப்பட்டுப்போனாள்.

மாதி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். விளக்குத் துலக்கக் கொண்டுவந்த சாம்பல் சட்டியை எடுத்தாள். வழுக்காமலிருக்க, சட்டி காலியாகும் வரைக்கும் பனிக்கட்டியின் மேல் தூவினாள்.

அந்த வண்டி வளைவுக்கு மேலேயே, வெயில் விழுகிற திருப்பத்தில், உறுமிக்கொண்டு நின்றது.

அன்றைக்கு நாச்சிமுத்து, ஆணி ஏறிய பழைய சக்கரத்துக்கு ஒட்டுப் போட்டு மாட்டிக்கொண்டு, மண்டிக்குக் கடைசி வண்டியாகப் போனான். போவதற்கு முன், கிழிந்த டயரைக் கழற்றிப் பள்ளத்தில் தூக்கிப் போடப் போனவன் ஒரு கணம் நின்றான். கிழிசலைத் தடவிப் பார்த்தான். பிறகு அதை உருட்டிக்கொண்டு மேலே போய், அந்த வெயில் திருப்பத்தில் பாதி மண்ணில் புதைத்து நிறுத்தி வைத்தான். கேரட் வண்டிக்காரர்களிடம், "இனிமே இங்கதான் நிக்கணும். தண்ணி வடியட்டும், கண்ணாடியைத் துடைங்க, கியரைப் போடுங்க. அப்புறம் நடந்து கீழ போய்க் கும்பிட்டுக்கலாம். முனியப்பன் எங்கேயும் ஓடிப்போக மாட்டார்," என்றான். சிலர் சிரித்தார்கள். பனிக்கட்டியில் கேரட் மண்ணின் சிவப்பைக் காட்டியதும் சிரிப்பு நின்றது.

அப்படியாக ஸ்டெப்னிக்கு மறுபடி ஒரு இடம் கிடைத்தது. அது இப்போது பின்னாலும் பார்க்கவில்லை, முன்னாலும் ஓடவில்லை. வருகிற வண்டிகளை எதிர்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றது. விலாவில் கிழிசல் இருந்தது. மனசில் கேள்வி இல்லை.

மறுநாள் காலை பனி இன்னும் கனமாக இறங்கியது. முதல் வண்டி வந்து ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் நின்றது. மூட்டையிலிருந்து ஒரு சொட்டு இறங்கி, பலகையின் விளிம்பில் தொங்கியது. கீழே எட்டிப் பார்த்துத் தயங்கியது.

"ஏ சொட்டு, எங்க போற?" என்று ஸ்டெப்னி கேட்டது.

"தெரியலையே. கீழதான் போறேன்."

"எனக்குத் தெரியும்," என்றது ஸ்டெப்னி. "இங்கேயே இறங்கிக்கோ."